தோல்வியின் ஊதியம்: அமெரிக்கப் பேஸ்பால் அணிகளின் இலாபமும் முயற்சி என்னும் அறமும்

முன்னுரை

தன் தொழிலைச் செவ்வனே செய்யாத ஒருவர் அத்தொழிலாலேயே பொருளீட்ட இயலுமா? இயலும் எனின், அப்பொருளை அவர் பெறுதல் முறையா? முதல் வினா பொருளியல் சார்ந்தது; இரண்டாவது அறவியல் சார்ந்தது. இவ்விரு வினாக்களும் ஒருங்கே எழும் களங்கள் பல. அவற்றுள் மிகத் தெளிவானது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தொழில்முறைப் பேஸ்பால் ஆட்டம் எனலாம். ஆண்டுதோறும் தோற்கும் அணிகள் சில அங்கு இலாபம் ஈட்டியுள்ளன. தோல்வியையும் மீறி அவ்விலாபம் வந்ததெனின் வியப்பதற்கு மிகுதியில்லை. ஆட்டக்காரர்க்குரிய ஊதியச் செலவைக் குறைத்ததனால், அதாவது தோல்விக்குக் காரணமான அதே செயலால், அது வந்தது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

தோற்பதும் குற்றமன்று; இலாபம் ஈட்டுவதும் குற்றமன்று; செலவைச் சுருக்குவதும் குற்றமன்று. குற்றமற்ற இம்மூன்றும் ஒன்றுசேரும்போது மட்டும் ஏதோ ஓர் அறப்பிழை நேர்ந்ததாக மக்கள் உணர்வது ஏன் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அப்பிழை உண்மையானதா, வெறும் ஆற்றாமையா என்பதும் உடன் ஆராயப்படும்.

1. மூடிய களம்

மேஜர் லீக் பேஸ்பால் என வழங்கும் அமைப்பில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடும். இங்கிலாந்துக் கால்பந்தின் முதல்நிலை லீக்கில் கடைசி மூன்று இடங்களைப் பெறும் அணிகள் அடுத்த நிலைக்குத் தள்ளப்படும். அதனால் தொலைக்காட்சி வருவாயின் பெரும்பகுதியை இழக்கும். அமெரிக்கப் பேஸ்பாலில் அத்தகைய இறக்கம் இல்லை. எத்தனை ஆண்டு தோற்பினும் அணி தன் இடத்திலேயே நிற்கும். புதிய போட்டியாளர் ஒருவர் தாமாக அணி அமைத்து உள்நுழையவும் வழியில்லை. வணிக முற்றுரிமையைத் தடுக்கும் சட்டம் பேஸ்பாலுக்குப் பொருந்தாது என அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1922 இல் தீர்ப்பளித்தது. அவ்விலக்கு பிற்காலத்தில் ஓரளவு சுருக்கப்பட்டபோதிலும் முற்றும் நீங்கிவிடவில்லை.

அணியின் வருவாய் இருவகைப்பட்டது. நாடளாவிய ஒளிபரப்பால் வரும் தொகை எல்லா அணிகளுக்கும் சமமாகப் பகிரப்படும். நுழைவுச்சீட்டு, உள்ளூர் ஒளிபரப்பு முதலியவற்றால் வருவது உள்ளூர் வருவாய். 2017 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் முதல், இவ்வுள்ளூர் வருவாயின் 48 விழுக்காடு பொதுநிதியில் சேர்க்கப்பட்டு 30 அணிகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. இதனால் பெருநகர அணிகளின் பணம் சிறுநகர அணிகளுக்குச் செல்கிறது. 1994 இல் வேலைநிறுத்தத்தால் இறுதித் தொடரே கைவிடப்பட்ட பின்னர் உருவான ஏற்பாடு இது. வறிய அணியும் வளமான அணியோடு போட்டியிட வேண்டும் என்பதே இதன் கருத்து.

செலவுப் பக்கத்தில் நிலைமை வேறு. அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து லீக்குகளில் ஊதியச் செலவுக்கு மேல்வரம்பும் கீழ்வரம்பும் உண்டு. பேஸ்பாலிலோ குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட செலவுக்கு வரி உண்டேயன்றிக் கீழ்வரம்பு இல்லை. ஆட்டக்காரர் ஒருவர் ஏறத்தாழ ஆறு பருவங்கள் ஆடிய பின்னரே விரும்பிய அணிக்குச் செல்லும் உரிமை பெறுவார். முதல் மூன்று பருவங்களில் குறைந்தபட்ச ஊதியத்தையொட்டியே பெறுவார். எனவே அனுபவம் மிக்கோரை விற்றுவிட்டு இளையோரை மட்டும் வைத்துக்கொண்டால் செலவு பெரிதும் குறையும். வருவாயின் ஒரு பகுதி உறுதியானது, செலவு சுருக்கத்தக்கது, தோல்விக்குத் தண்டனை இல்லை. மேலும், மோசமாகத் தோற்ற அணிக்கே புதிய ஆட்டக்காரர் தேர்வில் முன்னுரிமை என்னும் விதியும் நெடுங்காலம் இருந்தது. தோல்வி இலாபமாவதற்கான வாயில் இவ்வமைப்பிலேயே திறந்து கிடக்கிறது.

2. சில அணிகளின் வரலாறு

உடைமையாளர் நலத்துக்காக ஓர் அணி வலுவிழக்கச் செய்யப்படுவது புதிதன்று. 1899 இல் கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ் அணியின் உடைமையாளர்களாகிய ராபிசன் உடன்பிறப்புகள், தாம் வாங்கிய செயிண்ட் லூயிஸ் அணிக்குக் கிளீவ்லாந்தின் சிறந்த ஆட்டக்காரர்களை மாற்றினர். எஞ்சியோரைக்கொண்டு ஆடிய கிளீவ்லாந்து அணி 20 ஆட்டங்களில் வென்று 134 ஆட்டங்களில் தோற்றது. பார்வையாளர் வராமையால் பெரும்பாலான ஆட்டங்களை வெளியூர்களிலேயே ஆடியது. பருவம் முடிந்ததும் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. அன்று கைவிடப்பட்ட அணி மடிந்தது. இன்றைய அமைப்பில் அத்தகைய அணி மடிவதில்லை. இவ்வேறுபாடு நினைவிற் கொள்ளத்தக்கது.

பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணி 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 பருவங்கள், வென்றவற்றினும் தோற்றவை மிகுதியாக ஆடியது. இடையில், 2001 இல், பெரும்பகுதி பொதுப்பணத்தால் கட்டப்பட்ட புதிய அரங்கம் அதற்குக் கிடைத்தது. அணிகளின் கணக்கேடுகள் பொதுவாக வெளியார் பார்வைக்கு வருவதில்லை. 2010 ஆகஸ்டில் சில அணிகளின் நிதி ஆவணங்கள் கசிந்து வெளியாயின. 2007, 2008 ஆகிய இரு ஆண்டுகளிலும் சேர்த்துப் பிட்ஸ்பர்க் அணி 2 கோடியே 94 இலட்சம் டாலர் நிகர இலாபம் பெற்றிருந்தது அவற்றால் தெரியவந்தது. அவ்விரு பருவங்களில் அது தோற்ற ஆட்டங்கள் முறையே 94, 95. 2008 இல் அதன் ஊதியச் செலவு 5 கோடி டாலரை எட்டவில்லை. அதே ஆண்டில் வருவாய்ப் பகிர்வால் ஏறத்தாழ 3.9 கோடி டாலர் பெற்றது. இலாபம் கடனைத் தீர்க்கவும் இளம் ஆட்டக்காரரை வளர்க்கவும் பயன்பட்டது என்று நிருவாகம் விளக்கியது. 2013 இல் அவ்வணி 94 ஆட்டங்களில் வென்றதை நோக்க, அவ்விளக்கத்தை முற்றும் புறந்தள்ள இயலாது. ஆயினும் இருபது ஆண்டுத் தோல்விக்கு அது போதிய விடையாகுமா என்பது ஐயமே.

ஹியூஸ்டன் அஸ்ட்ரோஸ் அணியின் நிலை வேறு. 2011, 2012, 2013 ஆகிய மூன்று பருவங்களில் அது முறையே 106, 107, 111 ஆட்டங்களில் தோற்றது. 2013 பருவத் தொடக்கத்தில் அதன் ஊதியச் செலவு 2.6 கோடி டாலர் அளவினதே. அவ்வாண்டு அவ்வணி பேஸ்பால் வரலாற்றிலேயே மிகுந்த இலாபம் ஈட்டும் என ஃபோர்ப்ஸ் இதழ் மதிப்பிட்டது. ஒளிபரப்புத் தொகை தமக்கு வந்து சேரவில்லை எனக் கூறி அணியினர் அதனை மறுத்தனர். நான்கு ஆண்டுகளுக்குப்பின், தோல்விக் காலத்தில் தேர்ந்தெடுத்து வளர்த்த இளையோர் சிலரை முதன்மையாகக்கொண்டு, அது 2017 இல் உலகத் தொடரை வென்றது. எதிரணியின் சைகைகளை ஒளிப்படக் கருவியால் களவாடியதாக அவ்வெற்றி பின்னர்க் கறைபட்டது வேறு செய்தி. தோல்வியை முதலீடாகக் கருதிப் பயன் கண்ட அணி என்ற அளவில் அது ஈண்டு எடுத்துக்காட்டாகிறது.

3. உடைமையாளர் தரப்பு வாதங்கள்

உடைமையாளரைக் குறைகூறுமுன் அவர்தம் வாதங்களை வலிமையான வடிவில் எடுத்துரைப்பதே முறை.

முதலாவது, தோல்வி தவிர்க்கவியலாதது. ஓர் அணியின் ஒவ்வொரு வெற்றியும் மற்றோர் அணியின் தோல்வி. எல்லா அணிகளும் தத்தம் செலவை இருமடங்காக்கினும் மொத்த வெற்றிகளின் எண்ணிக்கை ஒன்றும் கூடாது. எனவே யாரேனும் தோற்றே தீரவேண்டும்; அதனை ஒருவர்மேல் பழியாகச் சுமத்தலாகாது.

இரண்டாவது, குறைந்த ஊதியம் முயற்சியின்மைக்குச் சான்றாகாது. 2002 இல் ஏறத்தாழ 4 கோடி டாலர் ஊதியச் செலவில் ஓக்லாந்து அணி 103 ஆட்டங்களில் வென்றது. சிறுசெலவு அணியாகிய தம்பா பே 2008 இலும் 2020 இலும் உலகத் தொடர்வரை சென்றது. மாறாக, 2023 இல் அதுவரை எவ்வணியும் செலவிடாத அளவில் 33 கோடி டாலருக்கு மேல் செலவிட்ட நியூயார்க் மெட்ஸ் அணி 75 ஆட்டங்களில் மட்டுமே வென்றது. பணத்தை அளவுகோலாக்கி நெஞ்சத்தை அளக்க முடியாது என்பதற்கு இவையே சான்று.

மூன்றாவது, உடைமை உரிமை. ராபர்ட் நோசிக் 1974 இல் வெளியிட்ட தம் நூலில் வில்ட் சேம்பர்லைன் என்னும் கூடைப்பந்தாட்டக்காரரை எடுத்துக்காட்டாக்கினார். அவரது ஆட்டத்தைக் காண மக்கள் விரும்பித் தரும் சிறுதொகைகள் சேர்ந்து அவர் செல்வராவாராயின், அச்செல்வத்தில் அநீதி இல்லை என்பது அவர் வாதம். இதனை நீட்டித்தால், தோற்கும் அணியின் ஆட்டத்தையும் மக்கள் விரும்பியே காண்கின்றனர், விரும்பாதார் வாராதிருக்கலாம், ஆதலின் இலாபம் நேரியதே என்பது பெறப்படும்.

இவற்றுள் முதலிரண்டும் ஏற்கத்தக்கன. தோல்வியோ குறைந்த ஊதியமோ தன்னளவில் பிழையன்று. மூன்றாவது வாதமே ஆராயத்தக்கது. நோசிக்கின் எடுத்துக்காட்டில் பணம் திறத்தை நாடிச் செல்கிறது. தோற்கும் அணியின் இலாபத்திலோ ஒரு பகுதி அதன் பார்வையாளர் தந்ததன்று. பிற அணிகளின் ஆட்டத்தைக் காண வந்தோர் தந்தது. பகிர்வு விதியால் கைமாறியது. அரங்கமோ பல இடங்களில் வரிப்பணத்தால் ஆனது. அணியை விரும்பாத நகரத்தார் வேறோர் அணியைத் தம் ஊரில் அமைத்துக்கொள்ளவும் லீக் இடந்தராது. தடையற்ற விருப்பம் என்னும் அடிப்படையே இல்லாதவிடத்து அவ்வடிப்படையில் எழுந்த வாதம் நில்லாது.

4. 1919: ஓர் ஒப்பீடு

பேஸ்பால் வரலாற்றில் மிகக் கடுமையாகத் தண்டிக்கப்பட்ட பிழை, வேண்டுமென்றே தோற்றல். 1919 உலகத் தொடரில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி சின்சினாட்டி அணியிடம் தோற்றது. சூதாட்டக்காரரோடு உடன்பட்டனர் என எட்டு ஆட்டக்காரர்மேல் குற்றம் சாட்டப்பட்டது. 1921 இல் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. எனினும் ஆட்ட ஆணையர் லாண்டிஸ் அதற்கு மறுநாளே அவர்களை ஆட்டத்திலிருந்து நிலையாக விலக்கினார். எண்மரும் இறந்த பின்னரும் அவ்விலக்கு நீடித்தது. இறப்போடு விலக்கு முடிவுறும் என்று 2025 மே மாதத்தில் லீக் அறிவித்தபோதுதான் அவர்கள் பெயர்கள் விலக்குப் பட்டியலிலிருந்து நீங்கின. உடைமையாளரின் கஞ்சத்தனமே அவர்களைத் தூண்டியது என்னும் வழக்கு பின்னாளைய ஆய்வுகளால் ஐயத்துக்குரியதாகியுள்ளது. அவ்வணியின் ஊதியம் அக்காலத்தில் உயர்ந்த வரிசையிலேயே இருந்தது.

தோற்பதற்காகப் பணம் பெற்ற ஆட்டக்காரர் வாழ்நாள் முழுதும் விலக்கப்பட்டார். தோற்கக்கூடிய அணியை அமைத்துப் பணம் பெறும் உடைமையாளரோ லீக்கின் அவையில் மதிப்புடன் அமர்கிறார். இவ்விருவரிடையே உள்ள வேறுபாடு யாது?

ஒரு வேறுபாடு வெளிப்படை. ஆட்டக்காரர் மறைத்தார், வெல்ல முயல்வதாக நடித்தார். உடைமையாளர் ஆட்டக்காரரை விற்றது நாளிதழில் வந்த செய்தி. பார்வையாளர் அறிந்தே அரங்குக்கு வருகின்றனர். வஞ்சனை இல்லாதவிடத்துக் குற்றத்தின் கடுமை குறையும் என்பது ஏற்கத்தக்கதே. எனினும் மறைவு முற்றும் இல்லை எனல் பொருந்தாது. ஊதியப் பட்டியல் வெளிப்படை. இலாபக் கணக்கோ மறைவு. பணம் இல்லை என்பதனால் செலவிடவில்லையா, செலவிட விருப்பம் இல்லையா என்பதைப் பெரும்பாலான அணிகளைப் பொறுத்தவரை நகரத்தார் அறிய வழியில்லை. 2010 ஆவணங்கள் அத்துணைச் சினத்தை எழுப்பியமைக்குக் காரணம், இல்லாமை எனக் கருதப்பட்டது இல்லாமையன்று என அவை காட்டியதே.

மற்றொரு வேறுபாடும் உண்டு. 1919 இல் பிழை தனிமனிதர் செயலில் இருந்தது. இன்று களத்தில் நிற்கும் எவரும் பிழை செய்வதில்லை. பந்தெறியும் இளைஞர் தம் முழு ஆற்றலோடும் எறிகிறார். அவரது எதிர்காலமே அதில் அடங்கியுள்ளது. பயிற்றுநர் வெல்லவே திட்டமிடுகிறார். மெய்யாக முயலும் பலரைக்கொண்டு முயலாத ஓர் அணியை அமைக்க முடிகிறது என்பதே இதன் விந்தை. பிழை செயலிலிருந்து நீங்கி அமைப்பில் குடிபுகுந்துவிடுகிறது. அமைப்பைத் தண்டிக்கும் கருவி பழைய அறநூல்களிலும் குறைவு, இன்றைய விதிநூல்களிலும் குறைவு.

5. முயற்சி என்னும் கடன்

அலஸ்டர் மெக்கிண்டயர் 1981 இல் வெளியிட்ட நூலில், ஒரு செயல்மரபின் உள்நின்ற நன்மைகளையும் புறநின்ற நன்மைகளையும் பிரித்துக் காட்டினார். நுட்பம், துணிவு, ஆட்டத்தின் அழகு ஆகியன ஆட்டத்தினுள்ளேயே கிடைப்பவை. பணமும் புகழும் வேறு வழிகளாலும் கிடைப்பவை. செயல்மரபைத் தாங்கி நிற்க நிறுவனம் வேண்டும். நிறுவனத்துக்குப் பணம் வேண்டும். ஆனால் அந்நிறுவனமே செயல்மரபைச் சிதைக்கவும் கூடும் என்பது அவர் எச்சரிக்கை. தோற்று இலாபம் காணும் அணி இவ்வெச்சரிக்கைக்கு இலக்கணமாக அமைகிறது: புறநன்மை வளர, உள்நன்மை தேய்கிறது.

இதனினும் அடிப்படையான காரணம் ஒன்றுண்டு. போட்டி என்பது எதிரிகள் இருவர் கூடிச் செய்யும் பொருள். ஓரணியின் வெற்றிக்கு மதிப்பளிப்பது எதிரணியின் உண்மையான எதிர்ப்பே. எனவே வெல்ல முயலுதல் தன்னலம் மட்டுமன்று. எதிரிக்கும் காண்போர்க்கும் செலுத்தவேண்டிய கடனுமாகும். முப்பது அணிகளும் முயலாதிருந்தால் ஆட்டமே இராது, காண்போர் இரார், பகிர்வதற்கு வருவாயும் இராது. முயலாத அணியின் இலாபம் பிற அணிகள் முயல்வதனாலேயே விளைகிறது. தான் கைவிட்ட கடனைப் பிறர் செலுத்துவர் என நம்பி வாழ்வதே இதன் இயல்பு. எல்லாரும் கைக்கொள்ளின் தன்னையே அழித்துக்கொள்ளும் ஒழுகலாறு அறமாகாது என்னும் கான்ட்டின் சோதனையில் இது தேறாது.

தமிழ் அறமரபில் பயின்றோர்க்கு இக்கருத்து அயலானதன்று. பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுவதே வாணிகம் எனும் கருத்தை வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தின் இறுதியில் வைத்தார். வாணிகத்தை அறத்திற்குப் புறம்பாக்காமல், அறத்தினுள்ளேயே அதற்கு இடமளித்த பார்வை அது. ஆள்வினையுடைமை அதிகாரத்திலோ, ஊழ் கைகொடாதபோதும் உழைத்தவன் தன் உழைப்பின் அளவுக்குப் பயன்பெறுவான் என்னும் உறுதியைத் தந்தார். வெற்றி கிட்டாதவிடத்தும் முயற்சிக்கு ஊதியம் உண்டு என்பது அவர் துணிபு. நாம் ஆராயும் நிகழ்வு இதன் நேர்மறுதலை: முயற்சி இல்லாதவிடத்தும் ஊதியம் உண்டு.

பேஸ்பால் லீக்கின் விதியும் இக்கடனை ஒருவாறு ஏற்கிறது. பகிர்வால் வரும் பணத்தை அணியின் ஆட்டத்திறனை உயர்த்தும் முயற்சிக்கே பயன்படுத்த வேண்டும் என உடைமையாளர்க்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் கூறுகிறது. இவ்விதியை மீறினர் என ஓக்லாந்து, மயாமி, பிட்ஸ்பர்க், தம்பா பே ஆகிய நான்கு அணிகள்மேல் 2018 இல் சங்கம் முறையீடு செய்தது. எனவே இலாபமீட்டும் தோற்ற அணியின் பிழை வெறும் உணர்ச்சிக் கற்பனையன்று; குறித்த நோக்கத்துக்காகப் பெற்ற பணத்தை அந்நோக்கத்துக்குச் செலவிடாமை என்னும் நம்பிக்கை மீறலாக அது வரையறுக்கத்தக்கது.

6. அளவிடும் இடர்

வரையறுத்தல் எளிது, கண்டறிதல் அரிது. முயற்சி நெஞ்சின் தன்மை. புறச்சான்று பணம் ஒன்றே. 2021 இல் உடைமையாளர் தரப்பு 10 கோடி டாலர் கீழ்வரம்பு ஒன்றை முன்மொழிந்தது. உயர்செலவு அணிகள்மேல் வரி விழும் எல்லையையும் 18 கோடியாகக் குறைப்பதோடு அது பிணைக்கப்பட்டிருந்தமையால் சங்கம் ஏற்கவில்லை. 2022 ஒப்பந்தத்தில் கடைசி இடத்துக்கு முதல் தேர்வு என்னும் உறுதி நீக்கப்பட்டு, முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல் முறை வந்தது. பகிர்வால் பெறும் தொகையின் ஒன்றரை மடங்கேனும் ஊதியத்துக்குச் செலவிடாத அணி, முறையீடு எழுந்தால் தன் நேர்மையைத் தானே மெய்ப்பிக்க வேண்டும் என்னும் ஏற்பாடும் உள்ளது.

இவை பயனுடையனவே. ஆயினும் செலவிடச் செய்வது வேறு. முயலச் செய்வது வேறு. கட்டாயத்துக்காக முதிர்ந்த ஆட்டக்காரர் ஒருவர்க்குப் பெருந்தொகை தந்து விதியை நிறைவேற்றிய அணி, முன்னிருந்த நெஞ்சத்தோடே இருக்கலாம். ஆகவே ஓராண்டின் ஊதியத்தைக் கொண்டு தீர்ப்பளித்தல் பொருந்தாது. ஹியூஸ்டனின் தோல்வி முயற்சியை ஒத்திவைத்தது. நெடுங்காலம் தேங்கிய அணியின் தோல்வி முயற்சியைக் கைவிட்டது. ஒத்திவைத்தல் மன்னிக்கத்தக்கதாயினும் விலையற்றதன்று. 2013 இல் நுழைவுச்சீட்டு வாங்கியவர் 2017 இன் மகிழ்ச்சிக்காகத் தம்மையறியாமல் பணம் செலுத்தினார். இடையில் இறந்துபட்ட முதியோரும் அவருள் இருந்திருப்பர். பிறர் காலத்தைத் தம் முதலாக்கிக்கொள்ளும் உரிமை உடைமையாளர்க்கு எவ்வளவு உண்டு என்பது இன்னும் விடை காணப்படாத வினா.

முடிவுரை

ஓக்லாந்து அணி 2022 இல் 102 ஆட்டங்களிலும் 2023 இல் 112 ஆட்டங்களிலும் தோற்றது. 2023 இல் அதன் ஊதியச் செலவே லீக்கில் மிகக் குறைவு. நகரத்தார் வாராமையால் அணியை லாஸ் வேகாசுக்கு மாற்ற வேண்டியுள்ளது என்னும் வாதம் எழுந்தபோது, 2023 ஜூன் 13 அன்று ரசிகர்கள் புதுமையான மறுப்பொன்றை நிகழ்த்தினர். புறக்கணிப்பதற்கு மாறாகத் திரண்டு வந்தனர். 27,759 பேர் கூடினர். அணியை விற்றுவிடுமாறு உடைமையாளரை நோக்கி முழங்கினர். களத்தில் ஆடிய இளைஞர்களையோ மனமார வாழ்த்தினர். அன்று அணி வென்றது. எனினும் அவ்வாண்டு நவம்பரில் பிற உடைமையாளர் அனைவரும் இடமாற்றத்துக்கு ஒருமனதாக இசைந்தனர். 2024 செப்டம்பர் 26 அன்று, 1968 முதல் ஓக்லாந்தில் ஆடிய அவ்வணி தன் இறுதி ஆட்டத்தை அங்கு ஆடியது. அன்றும் 46,889 பேர் வந்திருந்தனர்.

அந்த ஜூன் நாளில் ரசிகர்கள் செய்த பாகுபாடு கருதத்தக்கது. தோற்றவரை அவர்கள் வெறுக்கவில்லை, முயலாதவரையே கண்டித்தனர். தோல்வியும் குறைந்த ஊதியமும் இலாபமும் ஒன்றுசேரும்போது எழும் அறவுணர்வு ஆற்றாமையன்று என்பதை அது காட்டுகிறது. பிறர் முயற்சியில் விளைந்த பொதுப்பொருளைப் பங்காகப் பெற்றவர்க்கு, தாமும் முயலும் கடன் உண்டு. அக்கடனைச் செலுத்தித் தோற்பவர் பழிக்குரியர் அல்லர். அதனைச் செலுத்தாமல் பெறும் பங்கு இலாபம் என்னும் பெயரால் வழங்கினும், ஈட்டிய பொருளாகாது.